ஒற்றைக் குடும்பத் தெரு

1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாண்ட் பெருநகரை ஒட்டியுள்ள ஈஸ்ட் கிளீவ்லாண்ட் என்ற சிறு நகரத்தின் நிர்வாகம், ஐனெஸ் மூர் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. அவருடைய வீட்டில் விதிக்குப் புறம்பாக ஒருவர் வசிக்கிறார், அவரை வெளியேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஒருவர் மூரின் பேரன், சின்னப் பையன். தாய் இறந்த பிறகு பாட்டியிடம் வந்து சேர்ந்தவன். மூரின் இன்னொரு மகனும் அந்த மகனின் பையனும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஆக வீட்டில் பாட்டி, ஒரு மகன், இரண்டு பேரன்கள். மூர் பேரனை அனுப்ப மறுத்தார். நகரம் அவர்மீது குற்றவழக்குப் போட்டது. தண்டனை 5 நாள் சிறை, 25 டாலர் அபராதம்.

அந்தத் தெருக்களுக்கான விதி, ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்றது. குடும்பம் என்றால் என்ன என்பதையும் அதுவே வரையறுத்தது. குடும்பத் தலைவர், அவருடைய துணை, மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் இருக்கலாம். பேரப்பிள்ளைகளும் இருக்கலாம், ஆனால் ஒரே ஒரு பிள்ளையின் வழியில் வந்தவர்களாக இருக்க வேண்டும். மூரின் பேரன்கள் இருவரும் உடன்பிறந்தவர்களாக இருந்திருந்தால் குற்றமில்லை. இரண்டு வேறு மகன்களுக்குப் பிறந்ததால் குற்றம்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. தமிழ் இலக்கியம் படித்து அதையே கற்பிக்கிறவள். இந்த வழக்கை மாணவிகளுக்குத் தமிழில் சொல்ல முயன்றபோது ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் அந்தப் பையன்கள் இருவரும் ‘கசின்’. தமிழில் அதற்கு என்ன சொல்வது? இரண்டு சகோதரர்களின் மகன்களுக்குத் தமிழில் தனி உறவுப்பெயர் கிடையாது. அவர்கள் அண்ணன் தம்பிகள்தான். கொஞ்சம் விளக்கம் கேட்டால் ‘பெரியப்பா மகன்’, ‘சித்தப்பா மகன்’ என்போம். கூப்பிடும்போது அண்ணாதான், தம்பிதான். அத்தை மகனும் மாமன் மகனும் வேறு. அவர்கள் மச்சான், அத்தான் என்று மணமுறைக்கு உரியவர்களாகிவிடுவார்கள். மூரின் பேரன்கள் இருவரும் மகன்வழிப் பேரன்கள். தமிழில் சொன்னால் ஈஸ்ட் கிளீவ்லாண்டில் குற்றமே நடக்கவில்லை. மூரின் பேரன்களில் ஒருவன் மகள்வழிப் பேரனாக இருந்திருந்தால் நம் மொழியும் அவர்களைப் பிரித்துத்தான் வைத்திருக்கும். உறவுச் சொல் இப்படி ஒரு கோடு கிழிக்கிறது என்றால், அந்தக் கோட்டைத் தெருவின் மேல் கிழிக்கும் அதிகாரம் ஒரு நகரசபைக்கு எப்படி வந்தது? அதைத் தேடிப் போனேன்.

தேடல் வெகுதூரம் போகவில்லை. ஈஸ்ட் கிளீவ்லாண்டுக்கு அருகிலேயே யூக்ளிட் என்று ஓர் ஊர். நிலம் அளக்க வந்தவர்கள் தங்கள் ஆசானாகிய கிரேக்கக் கணித மேதையின் பெயரை அந்த ஊருக்கு வைத்தார்கள். 1922 நவம்பரில் யூக்ளிட் கிராமம் தன் நிலம் முழுவதையும் ஆறு வகைப் பயன்பாட்டு மண்டலங்களாகப் பிரித்தது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் என்ற நில வணிக நிறுவனம், தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கருக்கு 10,000 டாலர் கிடைக்கும், குடியிருப்புக்கென்றால் 2,500 டாலர்தான் என்று வழக்குப் போட்டது. 1926 நவம்பர் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கிராமத்தின் பக்கம் நின்றது. அமெரிக்காவில் மண்டல விதிகள் பரவியதற்கு இந்தத் தீர்ப்புதான் அடித்தளம். சட்ட மாணவர்கள் இதைச் சொத்துரிமை வழக்காகப் படிக்கிறார்கள். நான் அந்த ஆறு மண்டலங்களின் பட்டியலைப் படித்தேன்.

முதல் மண்டலத்தில் ஒற்றைக் குடும்ப வீடுகள், பூங்காக்கள், பண்ணை நிலம். இரண்டாவதில் இரு குடும்ப வீடுகள். மூன்றாவதில் அடுக்குமாடி வீடுகள், தேவாலயம், பள்ளிக்கூடம், நூலகம், மருத்துவமனை, குழந்தைகளின் விளையாட்டுத் திடல். நான்காவதில் கடைகள், வங்கிகள், அலுவலகங்கள், திரையரங்குகள். ஐந்தாவதில் கிடங்குகளோடு சலவையகமும் பால் விநியோக நிலையமும். ஆறாவதில் சுடுகாடு, சிறைச்சாலை, மனநோயாளர் விடுதி, ஆலைகள். ஒவ்வொரு மண்டலமும் தனக்கு முந்தியதை உள்ளே அனுமதிக்கும், பிந்தியதை அனுமதிக்காது. சிறைச்சாலைக்குப் பக்கத்தில் வீடு கட்டலாம். வீட்டுக்குப் பக்கத்தில் சலவையகம் கூடாது.

ஒரு பெண்ணின் ஒரு நாளை இந்தப் பட்டியலின் மேல் வைத்துப் பாருங்கள். துணி துவைக்கும் இடம் ஐந்தாம் மண்டலம், காய்கறி வாங்கும் இடம் நான்காம் மண்டலம், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதும் மூன்றாம் மண்டலம். அவள் இருக்க வேண்டிய இடம் முதல் மண்டலம். அங்கே அவளைத் தவிர வேறு எந்த உழைப்பும் கிடையாது. அவள் உழைப்புக்கும் அங்கே உழைப்பு என்று பெயர் கிடையாது.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1869இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மெலுசினா ஃபே பியர்ஸ் என்ற பெண் கூட்டுறவு இல்லப் பராமரிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். சமையல், சலவை, தையல் எல்லாவற்றையும் அண்டை வீட்டுப் பெண்கள் பொது இடத்தில் சேர்ந்து செய்ய வேண்டும். அதற்குரிய கூலியை அவரவர் கணவர்கள் தர வேண்டும். பேராசிரியர்களும் கனவான்களுமான கணவர்கள் அந்தக் கடைசிப் பகுதியை அவ்வளவாக ரசிக்கவில்லை. 1871இல் சங்கம் மூடப்பட்டது. சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1898இல் எழுதிய நூலில், சமையலறையே இல்லாத வீடுகளும் பொது உணவுக்கூடமும் வேண்டும் என்று வாதாடினார். இந்தக் கனவுகள் எல்லாம் மண்டல விதியால்தான் செத்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் யூக்ளிட்டின் பட்டியல் வந்த பிறகு, பியர்ஸின் சலவைக்கூடத்தை அந்த ஊரின் முதல் மண்டலத் தெருவில் திறந்திருந்தால் அது சட்டப்படி குற்றம்.

யூக்ளிட் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. செனட்டராக இருந்தபோது பெண்களின் வாக்குரிமைக்காக நின்றவர் அவர். 1923இல், தலைநகர் வாஷிங்டனில் பெண் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பெழுதியவரும் அவரே. வாக்குரிமை வந்துவிட்டது, இனி ஆணும் பெண்ணும் சமம், எனவே கூலியை அவளே பேரம் பேசிக்கொள்ளட்டும் என்பது வாதம். ஒப்பந்தச் சுதந்திரம் அவருக்குப் புனிதமானது. மூன்று ஆண்டு கழித்து நிலத்தின் விஷயத்தில் அந்தச் சுதந்திரத்தை அரசு மட்டுப்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டார். அடுக்குமாடிக் கட்டடங்களைத் தனி வீடுகளின் காற்றையும் வெளிச்சத்தையும் உறிஞ்ச வந்த ஒட்டுண்ணிகளைப் போலச் சித்திரித்தார். தெருவைக் காக்க அரசு தலையிடலாம். தெருவைக் கூட்டுகிறவளின் கூலிக்குத் தலையிடக் கூடாது. அடுக்குமாடியில் வாழ்ந்தவர்கள் யார் என்று யோசித்தால் இரண்டு தீர்ப்புகளும் அவ்வளவு முரணாகத் தெரிவதில்லை.

இனி முட்டுச்சந்துக்கு வருகிறேன். நம் பேச்சில் முட்டுச்சந்து என்பது திட்டுகிற சொல். வழி தெரியாமல் போய் மோதி நிற்கிற இடம். ‘முட்டுச்சந்துல நிக்குது’ என்றால் வாழ்க்கையோ வழக்கோ நகரவில்லை என்று பொருள். இங்கிலாந்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சேரியோடும் நோயோடும் சேர்த்து எண்ணப்பட்ட ஒன்றுதான். காற்றோட்டம் வேண்டும் என்று தெருக்களை இரு பக்கமும் திறந்து வைக்கச் சொன்னார்கள் சுகாதார விதிகளை எழுதியவர்கள். அதை மதிப்புக்குரியதாக மாற்றியதில் ஒரு பெண்ணுக்குப் பங்கு உண்டு. ஹென்ரியெட்டா பார்னெட் லண்டனுக்கு வடக்கே ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகரை உருவாக்கியபோது, வழக்கமான சாலை விதிகளிலிருந்து விலக்குத் தரும் தனிச் சட்டம் ஒன்று 1906இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. திட்டமிட்டவர் ரேமண்ட் அன்வின். போக்குவரத்து புகாத சிறு சந்துகள், சுற்றிலும் வீடுகள், நடுவில் புல்வெளி. எனக்கு அதில் பிடித்தது அங்கே 1909இல் எழுந்த வாட்டர்லோ கோர்ட். வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்பு. முற்றத்தைச் சுற்றி அவரவர் வீடு, எல்லோருக்கும் பொதுவான உணவுக்கூடம். முட்டுச்சந்தின் பிறப்பிலேயே குடும்பம் இல்லாத பெண்களுக்கும் ஓர் இடம் இருந்தது.

அட்லாண்டிக்கைக் கடந்தபோது அது தொலைந்தது. 1929இல் நியூ ஜெர்சியில் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் ராட்பர்ன் குடியிருப்பை வடிவமைத்தார்கள். மரமும் செடியும் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்த நிலவடிவக் கலைஞர் மார்ஜரி சூயெல் காட்லி என்ற பெண். நல்ல எண்ணத்தில் செய்யப்பட்ட ஊர் அது. கார் வரும் முட்டுச்சந்து ஒரு பக்கம், நடந்து போகும் பூங்கா மறுபக்கம். குழந்தை சாலையைக் கடக்காமலேயே பள்ளிக்குப் போய்விடலாம். வரவேற்பறை பூங்காவைப் பார்த்திருக்கும், சமையலறை சந்தைப் பார்த்திருக்கும். பொருளாதாரப் பெருமந்தத்தில் கட்டிய நிறுவனம் நொடித்து, ஊர் பாதியில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ராட்பர்னிலிருந்து பொதுப் பூங்காவை விட்டுவிட்டார்கள், முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டவர்களில் பெரிய கை கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி நிர்வாகம். 1934இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. எந்த மாதிரித் தெருவுக்கு உத்தரவாதம் தருவோம் என்று கையேடுகளும் வெளியிட்டது. முட்டுச்சந்துகள் பரிந்துரைக்கப்பட்டன. அதே நிர்வாகத்தின் 1938ஆம் ஆண்டுக் கையேடு, வேற்று இனத்தவர் குடியேறாதபடி பத்திரத்திலேயே நிபந்தனை எழுதும்படியும் பரிந்துரைத்தது. இன அடிப்படையில் மண்டலம் பிரிப்பது செல்லாது என்று 1917லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நகரசபை எழுதக் கூடாததைப் பத்திரம் எழுதிக்கொண்டது. எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்பதைச் சட்டத்தின் உதவியின்றியே சாதி தீர்மானித்த ஊர்களில் இருந்து வரும் நமக்கு இந்த ஏற்பாடு புரியாததில்லை.

1947இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் எழுந்தபோது எல்லாம் சேர்ந்து ஒரு வடிவத்துக்கு வந்திருந்தது. வெள்ளையருக்கு மட்டும். வேலி போடக் கூடாது, புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும், கொடி கட்டித் துணி உலர்த்தக் கூடாது. கொல்லையில் சுழலும் உலர்த்திக் கம்பத்தில்தான் போட வேண்டும், வாரக் கடைசியில் அதுவும் கூடாது. ஆண்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் துணி துவைக்கிற வேலை கண்ணில் படக் கூடாதாம். 1980இல் டொலோரெஸ் ஹேடன் எழுதிய கட்டுரை ஒன்று, பாலினப் பாகுபாடு இல்லாத நகரம் எப்படி இருக்கும் என்று கேட்டது. ஆண் சம்பாதிப்பான், பெண் வீட்டில் இருப்பாள் என்ற எண்ணத்தைக் கட்டடமாகவும் சாலையாகவும் மாற்றிவிட்டார்கள், பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் கட்டடம் மாறவில்லை என்பது அவர் வாதம். பழைய தெருக்களைச் சிறுசிறு கூட்டுறவு அலகுகளாக மாற்றிக் குழந்தைக் காப்பகமும் பொதுச் சமையலறையும் சலவையகமும் வைக்கலாம் என்று வரைபடமே கொடுத்தார். ஆனால் அந்த வரைபடத்தைச் செயல்படுத்த முதலில் மண்டல விதியை மாற்ற வேண்டியிருந்தது. வீட்டில் நாலு குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்வதே பல ஊர்களில் ‘வணிகம்’. கலிஃபோர்னியாவில் வீட்டிலேயே நடக்கும் பெரிய குழந்தைக் காப்பகங்களையும் குடியிருப்புப் பயன்பாடாகவே கருத வேண்டும் என்ற சட்டம் 2020இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இப்போது மூரின் வழக்குக்குத் திரும்பலாம். அவர் வழக்கு மேல்முறையீட்டில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, 1974இல், இன்னொரு தீர்ப்பு வந்தது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் சுமார் 220 வீடுகளும் 700 பேரும் மட்டுமே கொண்ட பெல் டெர் என்ற கிராமம். இரத்தம், தத்து, திருமணம் வழியாக உறவில்லாதவர்கள் ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் விதி. பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கிராமத்தை ஆதரித்தது. அமைதி, அகன்ற முற்றம், குறைந்த வாகனங்கள், குடும்ப விழுமியங்கள் ஆகியவற்றுக்காக ஊர் இப்படி விதிக்கலாம் என்றது. தீர்ப்பை எழுதியவர் வில்லியம் டக்ளஸ். தாராளவாதி என்று பெயர் பெற்றவர். எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் தர்கூட் மார்ஷல். ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று விதி எண்ணட்டும், அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று ஏன் கேட்கிறது என்பது அவர் கேள்வி.

மூரின் வழக்கில் 1977 மே 31 அன்று தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஆண்கள். அந்த நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதி வர இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மூர் வென்றார். நால்வர் சார்பில் எழுதிய லூயிஸ் பவல், கணவன் மனைவி பிள்ளைகள் என்ற எல்லையோடு குடும்பத்தின் உரிமை நின்றுவிடுவதில்லை, பாட்டியும் பெரியப்பாவும் சித்தியும் சேர்ந்த வீட்டுக்கும் அந்த மரபு உண்டு என்றார். ஐந்தாவது வாக்கான ஜான் ஸ்டீவன்ஸ் இதைச் சொத்துரிமையாகப் பார்த்தார்: தன் வீட்டில் தன் பேரனை வைத்துக்கொள்ள வீட்டுக்காரிக்கு உரிமை உண்டு. வில்லியம் பிரென்னன் தனியே எழுதிய குறிப்புதான் எனக்கு முக்கியம். வறுமையிலும் இடப்பெயர்விலும் பிழைத்துக் கிடக்கக் கறுப்பினத்தவருக்கும், அவர்களுக்கு முன் வந்திறங்கிய குடியேறிகளுக்கும் விரிந்த குடும்பமே துணையாக இருந்தது. வெள்ளைப் புறநகரின் சிறு குடும்பத்தை எல்லோர் மேலும் திணிப்பது பண்பாட்டுக் குருட்டுத்தனம் என்ற பொருளில் எழுதினார். ஆனால் இந்த வழக்கில் இனவெறியைச் சுட்டுவது எளிதல்ல. அப்போது ஈஸ்ட் கிளீவ்லாண்ட் கறுப்பினப் பெரும்பான்மை நகரம். அதன் நிர்வாகியும் கறுப்பினத்தவர். வெள்ளையர் விட்டுச் சென்ற தெருக்களை அதே மதிப்போடு காப்பாற்ற நினைத்தவர்கள், வெள்ளையர் எழுதிய தெருவின் இலக்கணத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். மேலேற நினைக்கிற ஒரு சமூகம் தன் ஒழுக்கத்தை நிரூபிக்க முதலில் தன் வீட்டுப் பெண்ணைத்தான் நெருக்குகிறது. இதற்கு நம்மிடம் சாட்சி தேட வேண்டியதில்லை.

பாட்டி வென்றதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனாலும் கூட்டுக் குடும்பத்துக்குக் கிடைத்த புகழுரையைத் தமிழ்ப் பெண் ஒருத்தி கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிப்பாள். அந்த வீடுகளில் விடியுமுன் எழுந்தது யார் என்று நமக்குத் தெரியும். மூர் வென்றது இரத்த உறவின் பேரில். அந்தப் பையன் மூரின் பேரனாக இல்லாமல், இறந்துபோன தோழியின் மகனாக இருந்திருந்தால்? தீர்ப்பு பெல் டெர் வழக்கைத் தள்ளிவைக்கவில்லை. அது உறவில்லாதவர்களைப் பற்றியது, இது வேறு என்று பக்கத்தில் நிறுத்திக்கொண்டது. விதவைகள் இருவரும் அவர்களுடைய தோழியும் சேர்ந்து வாழும் வீடு, மூப்படைந்த தோழிகளின் வீடு, பெண்ணும் பெண்ணும் இணையராகப் பிள்ளைகளோடு வாழ்ந்த வீடு எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றன. சென்னையின் நிலப் பயன்பாட்டு விதிகளிலும் ‘முதன்மைக் குடியிருப்பு’, ‘கலப்புக் குடியிருப்பு’ என்ற பெயர்கள் உண்டு. குடியிருப்பவர்களின் உறவைக் கேட்கும் வேலையை இங்கே வீட்டு உரிமையாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் தோழிகள் இருவரோடு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரம்மா அன்பாகத்தான் கேட்டார்: “மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறைம்மா?” சிற்றன்னை மக்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி அந்த வீட்டுக்குக் குடிபோனோம். தமிழ் உறவுமுறை அன்றைக்கு எங்களுக்கு உதவியது.

அமெரிக்காவில் மாற்றங்கள் மாநிலங்களிலிருந்து வந்தன. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில் பெரிய வீடொன்றில் 12 பேர் உறவின்றிச் சேர்ந்து வாழ்ந்ததை நகரம் தடுத்தபோது, அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1980இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மினியாபொலிஸ் நகரம் ஒற்றைக் குடும்பத்துக்கு மட்டும் என்ற மண்டலத்தை நீக்க 2018இல் வாக்களித்தது. 2021இல் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள், ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை உறவை வைத்து வரையறுக்கக் கூடாது என்று சட்டமியற்றின. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரிலோ, 2014இல் கூட, எட்டுப் பெரியவர்களும் மூன்று குழந்தைகளும் ஒரே சமையலறையில் உண்டு ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு நகராட்சி விலகிப் போகச் சொல்லி உத்தரவிட்டது. இரண்டு ஆண்டு கழித்துத்தான் நகரம் பின்வாங்கியது. 1974இல் வந்த பெல் டெர் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றுவரை மாற்றவில்லை.